ஒன்பது மில்லிமீட்டர்

மே 5, திங்கள்

ஆய்வுக்குழுக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. என் ஆறு வருட வேலையை மூன்று பேராசிரியர்கள் சமோசா தின்றுகொண்டே புரட்டினார்கள். எண்ணெய் விரல் தடம் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

ஆன்டிஆக்ஸிடன்ட் அத்தியாயத்தைப் பாராட்டினார்கள். விராலி இலைச் சாற்றை ஊதாக் கரைசலில் விட்டால் அது மஞ்சளாக வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சத்து. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்த அத்தியாயம் பாக்டீரியா. தட்டு முழுக்கப் பாக்டீரியாவைத் தடவி, சாறு ஊறிய ஒரு காகிதப் பொட்டை அதன் நடுவில் வைத்துவிட வேண்டும். மறுநாள் பொட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையம் தெரியும். வளையம் எத்தனை அகலமோ, இலைக்கு அத்தனை வலு. எனக்கு வந்தது இருபத்து மூன்று மில்லிமீட்டர். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஆன்டிபயாடிக் பொட்டுக்கு இருபத்திரண்டு. ஆன்டிபயாடிக்கையே ஒரு மில்லிமீட்டர் மிஞ்சிய இலை. அதை வைத்துத்தான் நானும் என் கைடு அமலி மேடமும் கட்டுரை வெளியிட்டோம்.

வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இது ஒரே தடவை பறிச்ச இலையில செஞ்சதும்மா. புது இலை பறிச்சு இன்னொரு மூணு தடவை செஞ்சு சேத்துருங்க. அது போதும்."

ஜூலை 31 அன்று என் பதிவுக்காலம் முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. அதனால் என்ன, மூன்று வாரத்து வேலை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மே 8, வியாழன்

களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்துக்கு இலை பறிக்கப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் "எத்தனை?" என்றார். "ஒண்ணு" என்றேன். இதையெல்லாம் எழுத வேண்டியதில்லைதான். ஆனால் முன்பெல்லாம் "ரெண்டு" என்றுதான் சொல்லி வழக்கம்.

விராலி இலை கையில் பிசினாக ஒட்டும். பை நிறையப் பறித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு ஆட்டுக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எலும்பு முறிஞ்சிருக்கா தாயி?" என்று கேட்டார். இங்கெல்லாம் அடிபட்ட இடத்தில் இதைத்தான் வைத்துக் கட்டுவார்கள். இல்லை, படிப்புக்கு என்றேன். "இந்த வயசுலயா?" என்றார். முப்பத்தாறு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

இலையைத் துறையின் மாடி அறையில் நிழலில் பரப்பியிருக்கிறேன். வெயில் படக் கூடாது. நாளுக்கு இரண்டு முறை புரட்டிவிட வேண்டும். கோடை விடுமுறை. கல்லூரியில் நானும், லேப் உதவியாளர் வண்டிமலை அண்ணனும், இரண்டு நாய்களும்தான். அண்ணன் கதவைத் திறந்துவிட்டுப் போனால் சாயங்காலம் பூட்டத்தான் வருவார். இடையில் பேசுவதற்கு எனக்கு இருப்பவை பாக்டீரியாக்கள். அவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பழைய குழாயிலிருந்து புதுக் குழாய்க்கு மாற்றாவிட்டால் செத்துவிடும். என்னை நம்பி உயிரோடு இருப்பவை இவைதான் என்று காலையில் தோன்றியது. கோவிலுக்குப் போகாததற்கு இதுவே காரணம் என்று அம்மாவிடம் சொன்னால் அடிப்பாள்.

அம்மா கோயம்புத்தூரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். இன்று போனில், "பொண்ணு லேப்ல என்ன செய்யுதுன்னு அவிய கேட்டாவ" என்றாள். பெண் கேட்டு யாரோ வந்திருக்கிறார்களாம். இலையைச் சாராயத்தில் ஊற வைக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். மெத்தனால் சாராயத்துக்கு அண்ணன்தானே. அம்மா வைத்துவிட்டாள்.

மே 17, சனி

இலை நொறுங்கும் பதம் வந்தாயிற்று. அரைத்து, மெத்தனாலில் போட்டு, ஆட்டும் இயந்திரத்தில் மூன்று நாள் வைத்துவிட்டேன். ஒரு இயந்திரம் டக்டக் என்று ஆடிக்கொண்டிருந்தால் அறையில் இன்னொருவர் இருப்பதுபோல இருக்கிறது.

மே 23, வெள்ளி

வடிகட்டி, வற்ற வைத்து, கரும்பச்சைப் பிசினாக எடுத்து, பொட்டில் ஏற்றி, நேற்றுத் தட்டில் வைத்தேன். இன்று அளந்தேன்.

ஒன்பது மில்லிமீட்டர். பொட்டே ஆறு மில்லிமீட்டர்.

மே 24, சனி

மறுபடி. எட்டு, ஒன்பது, ஒன்பது.

மே 29, வியாழன்

எதன்மேல் பழி போடுவது என்று பட்டியல் போட்டேன். மே மாத இலை, அதில் வலு இருக்காது. தட்டில் ஊற்றும் அகர் கெட்டியாகிவிட்டது. பாக்டீரியா மாறிவிட்டது. அளவுகோல் தேய்ந்துவிட்டது. கடைசியாக எழுதியது கிண்டலுக்கு. ஆனாலும் கடைக்குப் போய்ப் புது அளவுகோல் வாங்கினேன்.

ஒன்பது என்ற எண்ணை இந்த லேபில் முதலில் சொன்னது நான் இல்லை. பிரம்மசக்தி. அவளைப் பற்றி இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை. சுருக்கமாக எழுதி முடித்துவிடுகிறேன். நானும் அவளும் ஒரே நாளில் அமலி மேடத்திடம் சேர்ந்தோம். ஒரே செடி, ஒரே மேசை, ஒரே டிபன் பாக்ஸ். அவள் இலையிலும் பட்டையிலும் பாக்டீரியா ஆய்வு செய்தாள். என் வேலை ஆன்டிஆக்ஸிடன்ட். இலையின் பாக்டீரியா ஆய்வை மட்டும் சரிபார்ப்பதற்காக இருவரும் தனித்தனியாகச் செய்தோம். நான்கு வருடம் முன்பு, ஆகஸ்ட்டில். அவளுக்கு ஒன்பது. எனக்கு இருபத்து மூன்று.

மேடம் இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. மறு வாரம் சக்தியை வேறு செடிக்கு மாற்றினார். முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். ஆறே வாரத்தில் சக்தி படிப்பை விட்டுவிட்டாள். இப்போது உடன்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவ்வளவுதான்.

ஜூன் 2, திங்கள்

கல்லூரி திறந்தாயிற்று. இரண்டு வகுப்பு எடுத்தேன். மாணவிகள் புதுத் துணி வாசனையோடு இருந்தார்கள். மதியம் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் விடுமுறைக்குப் போன ஊர்களைப் பற்றிப் பேசினார்கள். நீங்கள் எங்கே போனீர்கள் என்று ஒருவர் கேட்டார். களக்காடு என்றேன். ஓ, டூரா என்றார்.

ஜூன் 6, வெள்ளி

புத்தி இப்போதுதான் வேலை செய்தது. நான்கு வருடம் முந்தைய அதே சாறு ஃப்ரீசரில் இன்னும் ஒரு குப்பி இருக்கிறது. அன்று இருபத்து மூன்று காட்டிய அதே பிசின். அதையே இன்று சோதித்தால் இலைமேல் குற்றமா, வேறு எதன்மேலா என்று தெரிந்துவிடும். வைத்திருக்கிறேன். தட்டை நாளை காலை பார்க்க வேண்டும்.

ஜூன் 7, சனி

ஒன்பது.

ஊதாக் கரைசலிலும் விட்டுப் பார்த்தேன். நான்கு வருடம் முன்பு போலவே பளிச்சென்று மஞ்சளானது. சாறு கெடவில்லை. சாறு என்றைக்குமே இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

பழைய லேப் நோட்டை எடுத்தேன். நான் எதையும் விடாமல் எழுதுகிறவள். கடைசியில் எனக்கே அது ஆப்பாகிவிட்டது.

ஆகஸ்ட் 3 தேதியில் என் கையெழுத்து: "ஸ்ட்ரெப்டோமைசின் (ஆன்டிபயாடிக்) பொட்டு 40 தயாரித்தது. உலர வைத்தது. பயன்படுத்தியது 12." அதற்குக் கீழே பாதி வரி. "மீதம் 28" என்று தொடங்கி நிற்கிறது. அன்றுதான் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. நோட்டை மூடிவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அப்பா போய்விட்டார். அடுத்த பக்கம் ஆகஸ்ட் 12. அடக்கம் முடிந்து திரும்பி வந்து எழுதியது. அந்தப் பக்கத்தில்தான் இருபத்து மூன்று இருக்கிறது.

எங்கள் லேபில் பொட்டைக் கடையில் வாங்க மாட்டோம். வடிகட்டும் தாளை ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் குத்தி நாங்களே எடுப்போம். வெறும் பொட்டும் வெள்ளை. ஆன்டிபயாடிக்கில் நனைத்து உலர்த்திய பொட்டும் வெள்ளை. குப்பி மேல் ஒட்டிய சீட்டுதான் வித்தியாசம்.

இருபத்தெட்டு பொட்டு எங்கே போனது?

ஜூன் 11, புதன்

"அண்ணே, பழைய குப்பிங்கள எல்லாம் தூக்கிப் போட்டுட்டியளா?" என்று வண்டிமலை அண்ணனிடம் கேட்டேன். ஆம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"நீங்க போடச் சொல்லாம நான் எப்படிம்மா போடுவேன்? ஒங்க பேரு எழுதினதெல்லாம் ஃப்ரிட்ஜு அடித்தட்டுல ஒரு டப்பாவுல கெடக்கு" என்றார்.

டப்பாவைத் திறந்தேன். "ஹெப்சிபா, வெறும் பொட்டு" என்று என் கையெழுத்தில் ஒரு குப்பி. அடியில் பதினோரு பொட்டுகள். ஒன்றை இடுக்கியால் எடுத்து, எதுவும் ஊற்றாமல், அப்படியே பாக்டீரியா தட்டில் வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

சாறே இல்லாத பொட்டு. இருபத்தொரு மில்லிமீட்டர்.

தெளிவாகவே எழுதிவிடுகிறேன். அப்பா செத்த அன்று, அவசரத்தில், காய்ந்துகொண்டிருந்த ஆன்டிபயாடிக் பொட்டுகளைக் கைக்குக் கிடைத்த குப்பிக்குள் கொட்டிவிட்டு ஓடியிருக்கிறேன். அது வெறும் பொட்டு தீர்ந்து காலியாகிக் கிடந்த குப்பி. ஒன்பது நாள் கழித்து வந்து, அதிலிருந்தே எடுத்து விராலிச் சாற்றை ஏற்றியிருக்கிறேன். இருபத்து மூன்றும் மருந்துக் கம்பெனியின் வேலை. இலையின் வேலை இல்லை. கரைப்பான் மட்டும் ஏற்றிய ஒப்பீட்டுப் பொட்டுகளைச் சக்தி முன்பே இருவருக்கும் சேர்த்துச் செய்து வைத்திருந்தாள். அவை சுத்தமாக இருந்தன. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

யாருக்கும் வரவில்லை என்று எழுதியது பொய். சக்திக்கு வந்தது. "ஏளா, ஒன் குப்பியிலருந்தே வெறும் பொட்டு ஒண்ண வச்சுப் பாரு" என்று அன்றே சொன்னாள். பொறாமை என்று நினைத்தேன். அன்றைய நோட்டில் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

ஜுரம் என்று லீவு சொன்னேன். ஜுரம் இல்லை. அறையில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். சொல்வதற்கு யாருமே இல்லாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. அழுதேன். ஹவுஸ் ஓனர் அக்கா கதவைத் தட்டி ரசம் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

யாருக்கும் தெரியாது. இதுதான் காலையிலிருந்து மனதில் ஓடுகிறது. குப்பியைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிடலாம். "புது இலையில் வலு குறைவு, பருவ வேறுபாடு" என்று ஒரு பத்தி எழுதினால் குழு ஒத்துக்கொள்ளும். அப்படி எழுதிய ஆய்வுகள் ஆயிரம் இருக்கின்றன. ஜூலைக்குள் சமர்ப்பித்துவிட்டால் டாக்டர் ஹெப்சிபா. கௌரவ விரிவுரையாளர் என்ற பட்டத்திலிருந்தும் விடுதலை. உண்மையைச் சொன்னால் அத்தியாயம் போகும், கட்டுரை போகும், பதிவு காலாவதியாகும், ஆறு வருடமும் போகும்.

அந்தப் பத்தியை எழுதியும் பார்த்தேன். நன்றாக வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

கிழித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

அமலி மேடத்திடம் சொன்னேன். தட்டுகளையும் குப்பியையும் பழைய நோட்டையும் மேசையில் பரப்பினேன். மேடத்துக்கு அடுத்த மாதம் ஓய்வு. புத்தகங்களை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்லா?" என்றார்.

"தெரிஞ்சிருக்காது மேடம்."

மேடம் கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். "கட்டுரைல என் பேரும் இருக்கு. திரும்பப் பெறுதோம்னு பத்திரிகைக்கு நானே எழுதுதேன். நீ ஆன்டிஆக்ஸிடன்ட் வேலைய வச்சு மறுபடி பதிவு செய்யி. வேற கைடு பாக்கணும். ரெண்டு வருஷம் ஆகும்."

"சரி மேடம்."

"சக்திக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"அந்தப் பிள்ளைய நான்தான் மாத்தினேன்" என்றார். மறுபடி கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். நான் முடிச்சின்மேல் விரலை வைத்துக் கொடுத்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். மேடமும் கேட்கவில்லை. மறந்திருப்பார்.

ஜூன் 28, சனி

சக்தியின் எண் பழைய போனில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். துணி துவைக்க இருந்தது, துவைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றும் கூப்பிடவில்லை. பாக்டீரியாவைக் குழாய் மாற்றினேன். இனி இவற்றால் எனக்கு வேலை இல்லை. இருந்தாலும் சாக விட மனம் வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலை பத்து மணிக்குச் சக்தியைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"ஹெப்சியா? என்னளா, உயிரோடதான் இருக்கியா?" என்றாள். நான்கு வருடம் இடையில் போகாததுபோல. பின்னால் குக்கர் சத்தமும் ஒரு குழந்தை சிணுங்குவதும் கேட்டது. அவளுக்குக் குழந்தை பிறந்தது எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, குப்பி, இருபத்தெட்டு பொட்டு, பழைய சாறு, இருபத்தொன்று. மூச்சு விடாமல் சொன்னேன். குக்கரை அணைத்தாள் போலிருக்கிறது, சத்தம் நின்றது.

"அப்ப ஒம்பதுதானா?" என்றாள்.

"ஒம்பதுதான். நீ சொன்னதுதான் சரி."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பேராசிரியர் குழுவுக்கும் எழுதப் போகிறேன், ஒன்பது என்று முதலில் கண்டது பிரம்மசக்தி என்று அவள் பெயரோடு எழுதுவேன், அவள் மறுபடி படிக்க விரும்பினால் மேடத்திடமே உதவி கேட்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"நிறுத்துளா" என்றாள். "பொட்டு மாறினத விடு. அப்பா போன வீட்டுல யாருக்கும் கை தடுமாறும். அதுக்கு நான் ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டேன். மேடம் ஒன்னையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாவல்லா, அன்னைக்கு நீ என்ன சொன்ன?"

இந்த நோட்டில் இரண்டு மாதமாக நான் எழுதாமல் தாண்டிப் போனது அதுதான்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஆட்டோகிளேவ் மெஷின்ல தட்டு எடுக்க வந்தவ மேடம் ரூமு வாசல்லதான் நின்னேன். நீயே ஒரு நாளு சொல்லுவன்னு இருந்தேன். நாலு வருஷமா இருந்தேன். சொல்லு."

மேடம் அன்று கேட்டது இது: சக்தி வேலையில் கவனமாக இருக்கிறாளா? நான் சொன்ன பதிலை அவளிடம் அப்படியே சொன்னேன்.

"கொஞ்சம் அவசரப்படுவா மேடம், சில நேரம் குப்பிய மாத்தி எடுத்துருவான்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் குழந்தையை யாரிடமோ கொடுப்பது கேட்டது.

"நான் என்னைக்காவது மாத்தி எடுத்திருக்கேனா?"

"இல்ல."

"ஒரு நாளாவது?"

"ஒரு நாளும் இல்ல சக்தி. இருபத்து மூணு எனக்கு வேணும்னு இருந்துச்சு. அப்பா இல்லாத அந்த வாரத்துல எனக்குன்னு ஏதாவது ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. அதுக்காகச் சொன்னேன்."

"நீ ஒரு வார்த்த சொன்ன. என் அப்பா அதுக்கப்புறம் ஊர்ல யார்ட்டயும் என் படிப்பப் பத்திப் பேசல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "பேரு கீரெல்லாம் எனக்கு வேண்டாம். இப்ப சொன்னத மேடத்துட்ட போயிச் சொல்லு. போன்ல இல்ல, நேர்ல. அவிய ரிட்டையர் ஆகிப் போறதுக்குள்ள, அவிய மனசுல என் கை சுத்தமா இருக்கணும்."

"நாளைக்குக் காலேஜுல..."

"இன்னைக்கு" என்றாள். "முடிச்சிட்டு வேணும்னா கூப்பிடு. எடுப்பனான்னு தெரியாது." வைத்துவிட்டாள்.

இப்போது மணி நான்கே கால். மேடத்தின் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேடம் மாலைப் பூசைக்குப் போயிருக்கிறார்களாம், வர ஆறு ஆகுமாம். வேலைக்கார அக்கா இரண்டு முறை வந்து, நாளைக்கு வாருங்களேன் என்று சொல்லிப் பார்த்துவிட்டார். பரவாயில்லை, இருக்கிறேன் என்றேன்.